பாலினக் கூட்டத்துக்குப் போசியோடு வந்தவர்கள்

கொல்லிமலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வளப்பூர் நாட்டில் (பல சிற்றூர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்பார்கள்) ஓர் ஊரில் கூட்டம் போட்டேன். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் ஆண்கள். ஒவ்வொருவர் கையிலும் கைப்பிடி வைத்த ஒரு தூக்குப்போசி. சிலருடையது மூடியோடு, சிலருடையது மூடி தொலைந்து போனது. ஒருவர் இரண்டு போசி கொண்டுவந்திருந்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. செம்மேட்டில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் வேலை. வெளிநாட்டிலிருந்து திட்டம் வரும், படிவம் வரும். அவற்றைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் நடந்தும் ஊர் ஊராகப் போக வேண்டும். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். பெண்கள் சமமாகாமல் எந்த நாடும் முன்னேறாது என்று உலகம் பூராவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு கடல் தாண்டி, சென்னை வந்து, நாமக்கல் வந்து, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது, மலையேறும் பஸ்ஸில் நான் வந்து இறங்குவதைப் போலவே கொஞ்சம் தலைசுற்றிப் போய்த்தான் இருந்தது.

எங்கள் அலுவலகத் தலைவர் சமவெளிக்காரர். நல்லவர். ஆனால் எளிய சொல் ஒன்று கையில் இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டுக் கடினமான சொல்லைத் தேடி எடுப்பார். கூட்டத்துக்கான விளம்பரத்தை அவரே பெரிய எழுத்தில் எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டச் செய்தார்: ‘பாலினச் சமத்துவக் கூட்டம். அனைவரும் வருக.’

நான் எழுந்து வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், இரண்டு போசிக்காரர் கை தூக்கினார்.

“ஏனுங்க டீச்சரம்மா, மாடு எங்கீங்க?”

“எந்த மாடுங்க?”

“பால் சங்கத்துக்கு மாடு குடுக்கறீங்கன்னு செவுத்துல போட்டிருக்குதுங்களே. மொத மொத வர்றவங்களுக்கு இன்னிக்குப் பாலும் ஊத்துவாங்கன்னாங்க.”

விளம்பரத்தைப் படித்தவர் ‘பால்’ என்பதோடு நிறுத்திவிட்டார். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. பாலினம் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். பால் என்றால் இங்கே குடிக்கிற பால் இல்லை, ஆண்பால் பெண்பால் என்கிறோமே, அந்தப் பால். ஒரு பெண், “பொம்பளப் பாலு சரிங்க, ஆம்பளப் பாலு எப்பிடீங்க?” என்று கேட்டதும் கூட்டம் கலகலத்துவிட்டது. ஆண்கள் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள்.

“மாடு இல்லீன்னா முன்னயே சொல்லோணுமில்லீங்க? போசிய வெளக்கித் தூக்கீட்டு வந்தோமே” என்றார் இரண்டு போசிக்காரர். வெளக்கியது யார் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது அவர் மனைவி. அந்த ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்காமல் பேசுவார், மற்றவர்கள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததைச் சொல்வார்.

“வந்தது வந்தீங்க, உக்காருங்க. அந்தப் புள்ள பஸ்ஸுல வாந்தியெடுத்து வந்திருக்குது, பாவம்” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்படித்தான் என்னுடைய முதல் பாலினச் சமத்துவக் கூட்டம் தொடங்கியது.

எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விளையாட்டு ஒன்று இருந்தது. ஆளுக்கு இருபத்து நான்கு பலாக்கொட்டை கொடுப்பது. ஒரு கொட்டை ஒரு மணி நேரம். தங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தரையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்ட வேண்டும். தலைவி தூக்கத்துக்கு ஐந்து கொட்டை வைத்தார். சாமை குத்திப் புடைக்க, தண்ணீர் தூக்க, விறகு பொறுக்க, ஆக்க, காட்டில் களை எடுக்க, மாட்டுக் கொட்டகை கூட்ட, பிள்ளைகளைக் கழுவ என்று வைத்துக்கொண்டே போனதில் சாயங்காலத்துக்கு முன்பே கொட்டை தீர்ந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தார். பக்கத்தில் கணவர் அடுக்கியிருந்த குவியலிலிருந்து நான்கை எடுத்துத் தன் கட்டத்தில் வைத்துக்கொண்டார்.

“ஏம் புள்ள, அது என்னுதாக்கும்!”

“உங்களுது சும்மாதான கெடக்குது.”

“சும்மா கெடக்குல. அது யோசன.”

நான் குனிந்து பார்த்தேன். தூக்கம் ஒன்பது, காட்டு வேலை ஐந்து, டீக்கடை நான்கு, சாப்பாடு ஒன்று. மீதி ஐந்தும் யோசனை. அதில் நான்குதான் தலைவியின் கட்டத்துக்குப் போயிருந்தது.

“என்ன யோசனைங்க?” என்றேன்.

“அது அன்னன்னிக்கு மாறுமுங்க” என்றார் அவர், மிகவும் பொறுப்பாக.

அன்று ஆண்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் யோசனையாக இருந்தது. பெண்கள் பக்கம் கொட்டை பற்றாமல் சண்டை. கடைசியில் கணவர், வீட்டு வேலையெல்லாம் ஒரு வேலையா, விடியற்காலை ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டுத் தூங்கலாம் என்று சொல்லிவிட்டார். தலைவி வழக்கம்போலப் பொறுத்திருந்தார். பிறகு, “அப்பிடீங்களா. அப்ப ஒரு நாளைக்கு நீங்க செஞ்சு காட்டுங்க, நாங்க பாத்துக் கத்துக்கறோம்” என்றார். மற்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆண்களுக்குப் பின்வாங்க வழியில்லாமல் போயிற்று. ஒரு நாள் ஊர் ஆண்கள் எல்லோரும் பெண்கள் வேலையைச் செய்வது என்று முடிவானது. கூட்டம் கலைந்தபோது பலாக்கொட்டைகளைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், பிள்ளைகள் இருபத்து நான்கு மணி நேரத்தையும் சுட்டுத் தின்றுவிட்டிருந்தார்கள்.

இதை மாத அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அந்த வரி சென்னை போய், விமானம் ஏறி, பணம் கொடுக்கிற நாட்டுக்குப் போய்விட்டது. ஆறு வாரத்தில் பதில் வந்தது: அந்த நாளை நேரில் பார்க்க அவர்களுடைய அதிகாரி வருகிறார்.

தலைவர் ஐயாவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு வேறு பயம் இருந்தது. எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. அத்தா, அதாவது அப்பா, மிளகும் காபிக்கொட்டையும் வாங்கி விற்கிறவர். சந்தை நாள்தோறும் செம்மேட்டுக்கு ஏறுவார். எங்கள் குடும்பத்தில் வேலைக்குப் போன முதல் பெண் நான். “வாராவாரம் நான் மேல போறேன், பாத்துக்கறேன்” என்று அத்தா சொன்ன ஒரு வார்த்தையால்தான் அம்மா ஒத்துக்கொண்டார். அப்போதும் நிபந்தனைகள் இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவோடு மட்டும்தான் தங்க வேண்டும். பொழுது இறங்குமுன் அறைக்குத் திரும்ப வேண்டும். தலையில் முக்காடு நழுவக் கூடாது. எதிலும் முன்னால் போய் நிற்கக் கூடாது. டீக்கடை, ஓட்டல் பக்கம் போய் உட்காரவே கூடாது. இந்த நிலையில், ஓர் ஊரையே தலைகீழாக்கப் போவது நான்தான் என்று வெளிநாட்டுக் கடிதத்தில் எழுதியிருந்தது.

நர்ஸ் அக்கா நாகர்கோவில் பக்கத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஏய் பிள்ளே, உங்க ஆபீசுல இருந்து ஏதாவது நோட்டீசு ஒட்டினா எனக்கு முன்கூட்டியே சொல்லிரு. போன வாரம் பெண்களுக்குச் சக்தியூட்டல்னு ஒட்டினீங்க. இருபது பேரு வந்து டானிக் கேட்டு என்னப் பிடிச்சு உலுக்கிட்டாங்க” என்றார். அவரிடம் எனக்குக் கிடைத்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஏற்பாடு செய்ய வளப்பூர் நாட்டுக்குப் போனேன். பெண்களைக் கூட்டி, அன்று அவர்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது என்று சொன்னேன்.

“அப்ப நாங்க என்ன பண்றது?” என்றார் தலைவி.

“சும்மா இருங்க.”

ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். “சும்மான்னா, எப்பிடீங்க இருக்கறது?”

சொல்லிக்கொடுக்கலாம் என்று பத்து நிமிடம் எல்லோரையும் கை கட்டி உட்கார வைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மடியிலிருந்து அவரைக்காயை எடுத்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள். தலைவி மட்டும் கை கட்டியே உட்கார்ந்திருந்தார். ஆனால் காலால் கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்.

“இது ஆவறதில்ல. அவங்க நம்ம வேலயச் செஞ்சா நாம அவங்க வேலயச் செய்யோணும். அதுதான ஞாயம்?” என்றார்.

“அவங்க வேலைன்னா? இப்ப உழவுகூட இல்லையே.”

“உழவு இல்லீன்னா என்ன, அதான் டீக்கடை இருக்குதுல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “ஆமாங்க, அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த நாள் வந்தது. அதிகாரி ஐம்பது வயதுப் பெண். ஆறடி உயரம், கழுத்தில் கேமரா, கையில் குறிப்புப் புத்தகம். மலைப்பாதையில் எனக்காவது முகர ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை. ஜீப்பை விட்டு இறங்கியபோது அவர் முகம் வெண்டைக்காய் நிறத்தில் இருந்தது. ஆனாலும் சிரித்தார்.

ஊருக்குள் நுழைந்ததும் நான் தலைவியைத் தேடினேன். காணவில்லை. வேறு பெண்களைத் தேடினேன். ஒரு பெண்கூட இல்லை. ஊர் முழுக்க ஆண்கள்.

நடு வாசலில் உரல். தலைவியின் கணவரும் இன்னொருவரும் எதிரெதிரே நின்று ஆளுக்கோர் உலக்கையால் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூக்கும்போது மற்றவர் இறக்க வேண்டும். இவர்கள் சேர்ந்தே இறக்கினார்கள். உலக்கை சாமையில் பட்டதைவிட உலக்கையில் பட்டதுதான் அதிகம். சாமை நாலு பக்கமும் தெறித்தது. ஊர்க்கோழிகள் எல்லாம் வட்டமாக நின்று, தெறிக்கிற திசையைக் கணித்து ஓடிக்கொண்டிருந்தன.

அதிகாரி தானும் குத்திப் பார்க்கிறேன் என்று உலக்கையை வாங்கினார். எட்டுக் குத்து குத்தினார். ஒன்பதாவதுக்கு உலக்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தினமும் எவ்வளவு நேரம் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டார். தலைவர் ஐயா மொழிபெயர்த்தார். கணவர் நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “நானு இன்னிக்குத்தானுங்க மொத மொத பாக்கறேன்” என்றார். ஐயா அதை ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் சொன்னார். அதில் மரபு, உழைப்பு, விழிப்புணர்வு எல்லாம் வந்தன.

ஊற்றுப் பக்கமிருந்து இரண்டு பேர் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். குடத்தில் பாதிதான் இருந்தது. மீதி அவர்கள் வேட்டியில் இருந்தது. “ஆம்பளைக்கு இடுப்பு எங்கீங்க இருக்குது? வெச்சா நேரா வழுக்கீட்டுப் போவுது” என்று ஒருவர் என்னிடம் நியாயம் கேட்டார். இன்னொருவர் தோளில் வைத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு முதுகெல்லாம் குளியல்.

ஒரு வீட்டு முன்னால் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அதன் அப்பாவுக்குத் தாலாட்டுத் தெரியாது. ஆனால் தினமும் பஸ்ஸில் போகிறவர். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, கண்டக்டர் குரலில் இழுத்து இழுத்துப் பாடினார். “செம்மேஏஏடு... சோளக்காஏஏடு... காரவள்ளீஈஈ... சேந்தமங்கலம் எறங்கு சாமி, நாமக்கல்லு ஏறு சாமி...” இரண்டாவது முறை சேந்தமங்கலம் வந்தபோது குழந்தை தூங்கிவிட்டது. அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பாட்டு என்று கேட்டார். மண்ணின் பெருமையைச் சொல்லும் பழைய பாட்டு என்றார் ஐயா.

பிறகு இலை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். சாமைச் சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. நான் பயந்துகொண்டேதான் வாயில் வைத்தேன். குழம்பு அருமையாக இருந்தது. சோறு பூப்போல இருந்தது.

“நாங்களே ஆக்குனதுங்க” என்றார் கணவர்.

அதிகாரி மறுபடி வாங்கிச் சாப்பிட்டார். ஐயா மூன்று முறை வாங்கினார். எனக்கு ஒன்று புரியவில்லை. உரலில் இருந்த சாமை அப்போதும் உமியோடுதான் கிடந்தது. அடுப்பைப் பார்த்தேன், ஒரு பானை அடிப்பிடித்துக் கரியாகக் குப்புறக் கிடந்தது. கேட்கலாமா என்று நினைப்பதற்குள், அதிகாரி குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, எல்லாம் மிக நன்றாக இருக்கிறது, ஆனால் பெண்கள் எங்கே என்று கேட்டார்.

“பஸ் ஏறிப் போய்ட்டாங்க” என்றார் கணவர்.

“எங்கே?” என்றார் ஐயா.

“செம்மேட்டு டீக்கடைக்குங்க. எங்க வேலயப் பாக்கப் போறோம்னு சொல்லீட்டு, காத்தால மொத பஸ்ஸுக்கே கெளம்பீட்டாங்க. டீச்சரம்மாதான் சரின்னு சொன்னாங்களாமே.”

ஐயா என்னைப் பார்த்தார். நான் கோழிகளைப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில், பெண்கள் ஒரு கருத்தரங்குக்குப் போயிருக்கிறார்கள் என்றார். அதிகாரி உடனே எழுந்துவிட்டார். கருத்தரங்கையும் பார்க்க வேண்டுமாம்.

ஜீப் செம்மேட்டுக்குப் போய்ச் சேரும்வரை நான் பிரார்த்தனையில் இருந்தேன். அன்று சந்தை நாள். அத்தா வருகிற நாள்.

பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் மூன்று பெஞ்சு உண்டு. அதில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சந்தைக்கு வருகிற பெண்கள் கடைக்குப் பின்புறம், விறகு அடுக்கியிருக்கிற சந்தில் நின்று, சுவரைப் பார்த்தபடி டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போவார்கள். சட்டமெல்லாம் ஒன்றும் கிடையாது. அப்படித்தான் நடந்தது.

அன்று மூன்று பெஞ்சிலும் பெண்கள். பதினெட்டுப் பேர். இடம் இல்லாத ஆண்கள் வெளியே நின்று கொண்டிருந்தார்கள். தலைவி நடுப் பெஞ்சில் கால் மேல் கால் போட்டிருந்தார். பெஞ்சு ஒடுக்கமாக இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து நிமிர்ந்து, மறுபடியும் போட்டார். ஒருத்தி செய்தித்தாளை வாங்கி வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் வெளியே நின்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருந்தாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நேராக நின்று ராசிபலன் படித்துக்கொண்டிருந்தார்.

“கடகம், வீண் அலைச்சல்.”

“அது எங்கூட்டுக்காரருதான். இன்னொருக்காப் படிங்க.”

டீ மாஸ்டர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். “மேடம், காலைல இருந்து உக்காந்திருக்காங்க. எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க.”

“ஆம்பளைங்க எவ்வளவு நேரம் உக்காருவாங்க?” என்று தலைவி உள்ளேயிருந்து கேட்டார்.

மாஸ்டர் யோசித்தார். “அவங்க சாயங்காலம் வரைக்கும்...”

“அப்ப எங்களுக்கு இன்னும் நேரமிருக்குது. டீச்சரம்மா, உள்ள வாங்க. அந்தம்மாவையும் கூட்டியாங்க.”

அதிகாரி தயங்காமல் போய் உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு முறை முனகியது. ஐயா மொழிபெயர்க்க வேண்டியிருந்ததால் கல்லாப் பக்கம் போய் நின்றார். நான் வாசற்படியிலேயே இருந்தேன். அம்மாவின் நிபந்தனைகளில் ஐந்தாவது கண் முன்னால் தொங்கியது. தலைவி தன் பக்கத்தில் ஒரு சாண் இடம் ஒதுக்கிக் கையால் தட்டினார். முதல் கூட்டத்தில் எனக்காக ஊரையே உட்கார வைத்தவர். போய் உட்கார்ந்தேன். டீயில் சர்க்கரை அதிகமாக இருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே குடித்ததில் கொஞ்சம் மடியிலும் கொட்டிக்கொண்டேன்.

தலைவி அதிகாரியை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க இத்தன தூரம் வந்துட்டீங்களே, உங்க ஊட்ல இப்ப யாரு சோறாக்குறது?”

ஐயா மொழிபெயர்த்தார். அதிகாரியின் முகம் சிவந்துபோனது. குரலைத் தாழ்த்திச் சொன்னார். கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் நின்று, இரண்டு வாரத்துக்கும் சமைத்து, டப்பா டப்பாவாகப் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு டப்பாவிலும் திங்கள், செவ்வாய் என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இல்லாவிட்டால் கணவர் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு கிடப்பாராம். இதைத் தன் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லையாம்.

ஐயா சொல்லி முடித்ததும் தலைவி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“அது தெரியாதுங்களா. நானும் கோழி கூப்புடறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ஒரு குண்டாச் சோறும் அவரைக் கொழம்பும் ஆக்கிக் கூடையப் போட்டு மூடி வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன். அந்தாளு அடுப்புப் பத்தவெச்சுப் புள்ளைங்க திங்கறதுன்னா நாளைக்குத்தான்.”

“நீயுமா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “நானு களி கிண்டி ஒரலுக்குப் பின்னால வெச்சிருக்கறேன்.”

“எங்கூட்டுல கஞ்சிங்க. கோணிச்சாக்குல சுத்தி.”

பதினெட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆக்கி ஒளித்துவிட்டு, சும்மா இருப்பதற்காக வந்திருந்தார்கள். இப்போதுதான் எனக்கு அந்தக் குழம்பின் ருசி விளங்கியது. ஐயாவுக்கும் விளங்கிவிட்டது, அவர் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். அதிகாரி விடவில்லை. என்ன, என்ன என்று கேட்டு, கடைசியில் நான்தான் என் தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, காலையில் எழுதியிருந்த ஒரு பக்கத்தை முழுக்க அடித்தார். அடித்துவிட்டு, மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தார். மேசை ஆடியது. பெண்கள் அவர் முதுகைத் தட்டினார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

“இவரு ஊட்ல எப்பிடியாம்?” என்று தலைவி ஐயாவைக் கை காட்டினார்.

“அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லை” என்றார் ஐயா, சுத்தமான தமிழில்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் அத்தா நின்றார். தோளில் பாதி நிரம்பிய மிளகு மூட்டை. சந்தையில் யாரோ, உங்க பொண்ணு டீக்கடையில மாநாடு நடத்துது என்று சொல்லியிருக்கிறார்கள். என் முக்காடு நழுவிக் கழுத்தில் கிடந்தது. கையில் கிளாஸ். மடியில் டீ.

அத்தா மூன்று பெஞ்சையும் ஒரு முறை பார்த்தார். அந்தப் பெண்களில் பாதிப் பேரிடம் அவர் மிளகு வாங்குகிறவர். என்னையும் அதிகாரியையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“உக்காருங்க பாய்” என்றார் தலைவி. சொன்ன பிறகுதான் உட்கார இடமில்லை என்று அவருக்கே தெரிந்தது.

“இருக்கட்டும்மா, இருக்கட்டும். நீங்க உக்காருங்க” என்றார் அத்தா. எங்கே போவதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைக்குப் பின்புறம் விறகுச் சந்துக்குப் போனார். மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்து, “மாஸ்டர், இங்க ஒரு டீ” என்று குரல் கொடுத்தார். குடித்து முடித்துக் கிளம்பும்போது என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “கண்ணு, முக்காடு” என்று மட்டும் சொன்னார். பிறகு போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அத்தா வழக்கம்போல இருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

“டீக்கடைல உக்காந்தியாமே.”

“ஆமாம்மா.”

அம்மா கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். “உள்ள எப்பிடி இருக்கும்? சாஞ்சுக்கச் செவுரு இருக்குதா?”

“இருக்கும்மா.”

“ஃபேனு?”

“மலைல எதுக்கும்மா ஃபேனு?”

“அது சரி” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த ஐந்தாவது நிபந்தனை எங்கள் வீட்டில் பேச்சில் வரவேயில்லை.

அடுத்த வாரம் வளப்பூர் நாட்டுக்குப் போனபோது தலைவியிடம், கூடைக்கு அடியில் இருந்த சோறு என்னாயிற்று என்று கேட்டேன். முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு சொன்னார்.

“பூனை தின்னுட்டுதுன்னு சொன்னாருங்க. அதிசயப் பூனை. ஒரு குண்டாச் சோத்தையும் கொழம்பையும் தின்னுட்டு, குண்டாவ வெளக்கிக் கவுத்தும் வெச்சிருக்குது. கல்யாணமாயிப் பதினாறு வருசத்துல எங்கூட்டுல பூனை பாத்திரம் வெளக்குனது அதுதானுங்க மொதத் தடவ.”

தான் செய்ததை மறைக்கிற அவசரத்தில் மனிதர் வாழ்நாளில் முதல் முறையாகப் பாத்திரம் கழுவியிருக்கிறார். இதை மாத அறிக்கையில் எழுதலாமா என்று ஐயாவைக் கேட்டேன். இனிமேல் அறிக்கையில் ஒரு வரிகூடத் தன்னைக் கேட்காமல் எழுதக் கூடாது என்றார்.

அதிகாரி ஊருக்குப் போய்ச் சேர்ந்து எழுதிய கடிதத்தில் சமத்துவத்தைப் பற்றி அதிகமாக ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் வந்த கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது என்று எழுதியிருந்தார். அந்த ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு, சாமை உமி நீக்குகிற சிறிய மெஷின் ஒன்றுக்கு ஏற்பாடு செய்வதாகவும் எழுதியிருந்தார். மெஷின் அடுத்த பலாப் பருவத்துக்கு முன்னால் லாரியில் வந்து இறங்கியது.

இறங்கிய அன்று ஊர் ஆண்கள் அத்தனை பேரும் அதைச் சுற்றி நின்றார்கள். உரல் பெண்கள் சமாச்சாரம். மெஷின் அப்படி இல்லை. பெல்ட் இருக்கிறது, மோட்டார் இருக்கிறது, சத்தம் வருகிறது. இது எங்கள் வேலை என்று அவர்களுக்குள் பேசி முடித்துவிட்டார்கள். எனக்குப் பதைப்பாக இருந்தது. பெண்களுக்கு வந்த மெஷினைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்களே என்று தலைவியிடம் ஓடினேன்.

“பதறாதீங்க டீச்சரம்மா” என்றார் அவர். பிறகு ஆண்களிடம் போய், மெஷினை ஓட்டுகிற பயிற்சி சங்கத்துக்காரிகளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள், என்ன செய்வது, எழுத்தில் இருக்கிறது என்று வருத்தமாகச் சொன்னார். ஆனால் சாமை மூட்டையைத் தூக்கிவந்து கொட்டுவதும், அரைத்ததைப் புடைப்பதும், வீட்டுக்குச் சுமந்து போவதும் மெஷினோடு சேர்ந்த வேலைதானே, அது பெண்களால் ஆகுமா என்றும் கேட்டார்.

ஆகாது என்று ஆண்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் மெஷின் கொட்டகை முன்னால் ஆண்கள் மூட்டையோடு வரிசையில் நின்றிருப்பார்கள். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, யார் புடைப்பதில் உமி நன்றாகப் போகிறது என்று சண்டை போடுவார்கள். இரண்டு போசிக்காரர் புடைப்பதில் பெரிய வாத்தியார் ஆகிவிட்டிருந்தார். “இதெல்லாம் மணிக்கட்டுல இருக்குதுங்க டீச்சரம்மா. பொம்பளைங்களுக்குச் சொன்னாப் புரியாது” என்று ஒரு நாள் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்குள்ளிருந்து மெஷின் சத்தத்தையும் மீறித் தலைவியின் குரல் வந்தது. “ஏனுங்க, அடுத்த மூட்டைய எடுத்தாங்க!”

“வாரேன் வாரேன்” என்று எழுந்து ஓடினார்.